பஞ்சாங்கத்தில் இல்லாத நோன்புகள்

அவர் எந்தத் தெய்வத்தை எண்ணி உண்ணாதிருக்கிறார் என்பதை எங்கள் தெருவில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை. செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு, சனிக்கிழமை பெருமாளுக்கு, கிருத்திகை முருகனுக்கு என்று பெண்கள் நோன்பிருப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. அவருடைய நோன்புக்கு அந்த ஒழுங்கு கிடையாது. ஏதோ ஒரு புதன்கிழமை நண்பகலில், உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே, அது தொடங்கிவிடும். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு எனக்கு ஒருபொழுது" என்பார். அவ்வளவுதான். அதன்பின் சோறும் இல்லை, நீரும் இல்லை. மறுநாளோ அதற்கு மறுநாளோ, தொடங்கியது போலவே சொல்லாமல் கொள்ளாமல் அந்த நோன்பு முடிந்துபோகும்.

"இன்னாம்மே, இன்னிக்கு எந்த சாமி?" என்று எதிர்வீட்டுப் பால்காரப் பெண்மணி தெருவுக்கே கேட்கும்படி வினவுவார்.

"ஒருபொழுதுதான்க்கா" என்பார் இவர். சாமியின் பெயர் வராது.

"பஞ்சாங்கத்துல இல்லாத சாமியெல்லாம் உனக்குத்தான் தெரியுது. எங்களுக்கும் ஒண்ணு ரெண்டு சொல்லி வையி, சமைக்கிற வேலயாவது மிச்சமாவும்."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். இவரும் உதட்டளவில் சிரிப்பார். அவருடைய இடக்கை மட்டும் இடுப்புச் சேலைக்குமேல் எதையோ விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது போல அழுந்தியிருக்கும்.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தொழிற்பேட்டைக்கென நிலம் அளந்து கல் நட்டுக்கொண்டிருந்த எழுபதுகளின் நடுப்பகுதி அது. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக அமர்த்தப்பட்டுத் தெற்கேயிருந்து தனியாக வந்து சேர்ந்த எனக்கு, அந்த நோன்புக்காரரின் வீட்டு முன்னறை வாடகைக்குக் கிடைத்தது. நெல் விளையும் நிலம் உடைய குடும்பம். அந்நிலத்தில் ஒரு பகுதி பேட்டைக்குள் போய்விட்டதால், ஏர் பிடித்துக்கொண்டிருந்த அவர் கணவர் புதிதாக வந்த இரும்பு வார்ப்பாலையில் உலை அடுப்பண்டை வேலைக்குச் சேர்ந்திருந்தார். வீட்டில் அவர்கள் இருவரும், கணவரின் தாயாரும். கிணறு எனக்கும் அவர்களுக்கும் பொது. என்னைவிடச் சற்று மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை டீச்சர் என்றார்.

மணமாகி ஆண்டுகள் பல சென்றும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே அக்காவின் நோன்புகளுக்கு ஊர் ஒரு பொருளைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. அப்பொருளை முதலில் கண்டுபிடித்தவர் அவருடைய மாமியார்.

கதைகளில் வரும் கொடிய மாமியார் அல்லர் அவர். உயரமானவர், வயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு எட்டும் குரல், குழம்பில் மீனின் நடுத்துண்டை மருமகளின் தட்டில்தான் போடுவார். அவருக்கு இருந்த பசி ஒன்றே ஒன்று. அது பேரப்பிள்ளைப் பசி.

"என் மருமவ மாதிரி ஒருத்தியக் காட்டு பாப்பம்" என்று கிணற்றடியில் என்னிடம் பெருமை பேசுவார். "புள்ள வரம் கேட்டு இவ வயித்தக் காயப் போடறது எந்த சாமிக்குத்தான் பொறுக்கும்? தண்ணி கூட பல்லுல படாது டீச்சரம்மா. சுருண்டு படுத்துக்கினு ஆத்தாளையே நெனச்சிக்கினு கெடக்கும். அந்த மொகத்தப் பாத்தா எனக்கே பயமாக்கீது."

முகத்தை நானும் பார்த்திருந்தேன். அச்சம் எனக்கும் உண்டானது. ஆனால் அது வேறு வகை அச்சம்.

ஒரு பெண் தன் விருப்பப்படி உண்ணாதிருக்கும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அக்காவின் முகத்தில் இருந்தது உற்றுக்கேட்கும் குறிப்பு. தொலைவில் வரும் வண்டியின் ஓசைக்குக் காத்திருப்பவரைப் போல, தலையைச் சற்றே சாய்த்து, தம் வயிற்றின் பக்கமே செவியை வைத்திருப்பார். பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்றுவிடுவார். கண்கள் எதிரிலிருப்பவரை விட்டு நீங்கி எங்கோ செல்லும். பிறகு மெல்ல மூச்சை விட்டு, விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். உண்ணும்போதும் அப்படியே. ஒரு பிடி சோற்றைப் பிறர் ஐந்து பிடி உண்ணும் நேரம் மெல்லுவார். கீரைத் தண்டைச் சாறு உறிஞ்சிவிட்டுச் சக்கையை யாருக்கும் தெரியாமல் கையில் வாங்கிக்கொள்வார்.

நோன்பினால் வந்த புகழே அவருக்குத் தளையாயிற்று. ஒருநாள் பால்காரப் பெண்மணி, தெருவில் கேலி பேசும் வாயை அடக்கி, கைகூப்பியபடி வந்து நின்றார். அவருடைய மகனுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைக்குமா என்பது தெரியாமல் இருந்தது.

"எனக்கு சர்க்கர வியாதி, பட்டினி கெடக்க முடியாதும்மே. என் புள்ளைக்கோசரம் நீ ஒரு நாள் இருந்துடு. உன் ஒருபொழுதுன்னா அம்மா கேக்கறா."

அக்கா மறுத்துச் சொல்ல அறியாதவர். இருந்தார். உண்ணாமல் இருப்பதில் அவருக்குத் தொல்லை இல்லை. முடிந்தபின் உண்ணச் செய்வார்களே, அதுதான் தொல்லை. மறுநாள் அந்த அம்மையார் கொழுக்கட்டையும் சுண்டலும் அவித்த வேர்க்கடலையும் தாம்பாளத்தில் ஏந்தி வந்து, எதிரில் சம்மணமிட்டு அமர்ந்து, படைத்த பண்டம் மீதம் வைக்கலாகாது என்று ஒவ்வொன்றாய் ஊட்டினார். மாமியார் பூரித்து நின்றார். அக்கா கன்னத்தில் ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டதையும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவதாகச் சொல்லிக் கொல்லைக்கு விரைந்ததையும், எருமைத் தொட்டியில் கொழுக்கட்டைகள் மிதந்ததையும் நான் என் சன்னல் வழியாகக் கண்டேன். எருமை அன்று மிகவும் மனநிறைவோடு இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, உண்ட சில கொழுக்கட்டைகளுக்காக அவர் மறுநாளே தொடங்கிய "ஒருபொழுதை"ப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

உண்மையை நான் அறிந்தது ஒரு விடுமுறை நாளில். மாமியார் அறுவடைக்குச் சென்றிருந்தார். தண்ணீர் இறைக்கப் போன நான், கிணற்றுக்குப் பின்னே, துணி துவைக்கும் கல்லின் மறைவில், அக்கா முழங்காலிட்டு நெற்றியைத் தரையில் ஊன்றிக் கிடப்பதைக் கண்டேன். முதுகு வில்லாக வளைந்திருந்தது. அவர் வயிற்றிலிருந்து ஓர் ஓசை எழுந்தது. குறுகிய வாயுடைய குடத்தில் நீர் புகுவது போன்ற ஓசை. அது உயர்ந்து உயர்ந்து போய் ஓரிடத்தில் முட்டி நின்றது. அது நின்ற கணத்தில் அவர் பற்களால் தம் கையைக் கடித்துக்கொண்டார்.

"அக்கா!"

"ஒருபொழுது டீச்சர்" என்றார், நிமிராமலே. சொல்லி முடிப்பதற்குள் பச்சையாய் வாந்தியெடுத்தார். அதன்பின் அந்தச் சொல்லை என்னிடம் சொல்வதில் பயனில்லை என்பது அவருக்கே தெரிந்துவிட்டது.

வலி விட்டபின், சேலையைச் சற்று இறக்கிக் காட்டினார். தொப்புளுக்கு வலப்புறமாக மேலிருந்து கீழே ஒரு தழும்பு. தையலிட்ட இடங்கள் இருபுறமும் பூரான் கால்களைப் போலப் பதிந்திருந்தன. மணத்துக்கு முன்னர், திருநின்றவூர்ப் பக்கத்தில் தந்தை வீட்டில் இருந்தபோது, குடல்வால் அழுகி உள்ளேயே வெடித்துவிட்டதாம். நகரத்துப் பெரிய மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து, சீழை வடித்துப் பிழைக்க வைத்திருக்கிறார்கள்.

"அனுப்பறப்ப அந்த டாக்டரு சொன்னாரு. உள்ள புண்ணு ஆறக்குள்ள குடலு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். எப்பனா மடங்கி அடைச்சிக்கும். அப்பிடி ஆனா ஒண்ணும் துன்னாத, தண்ணி குடிக்காத, ஒடனே ஓடியா அப்பிடின்னு."

"ஓடவில்லையே அக்கா நீங்கள்?"

"துன்னாம இருக்கேன் இல்ல" என்றார்.

மருத்துவர் சொன்னதில் பாதியை மட்டுமே அவரால் கைக்கொள்ள முடிந்திருந்தது. மறு பாதியைச் செய்வதென்றால் வாய்திறந்து சொல்லியாக வேண்டும். பெண் பார்க்க வந்தபோது தழும்பை மறைத்துத் தந்தை மணம் பேசிவிட்டார். கணவருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. "வயிறு கிழிச்ச பொண்ணு எப்பிடிமே புள்ள சொமக்கும்னு கேப்பாங்க. பதிலு இன்னா கீது என்கிட்ட?"

சில நாள் கழித்துக் கணவரே பள்ளிக்குச் செல்லும் வழியில் மிதிவண்டியை நிறுத்தி என்னிடம் பேசினார். வெப்பத்தில் வெந்து சிவந்த முகம். தரையைப் பார்த்தே பேசுவார்.

"அது உங்ககிட்ட சொல்லிச்சாம். வெளிய வாணாம் டீச்சர். எங்கம்மா கெட்டவ இல்ல. ஆனா ஊத்துக்கோட்டையில மாமன் மவ ஒண்ணு கீது. இதுக்குப் புள்ள இல்லாம போனா அதக் கட்டி வெக்கிறதுன்னு மாமனும் அம்மாவும் பேசி வெச்சிக்கினு கீறாங்க. ஒருபொழுது இருக்குதே, ஆத்தா கண்ணத் தொறப்பான்னுதான் அம்மா காத்துக்கினு கீது. வயித்துல கத்தி பட்டுச்சின்னு தெரிஞ்சா அன்னிக்கே தாம்பூலம் மாத்திடும்."

"நீங்கள் மறுக்க மாட்டீர்களா?"

அவர் மிதிவண்டியின் மணியைக் கட்டைவிரலால் தடவினார். "பேஜாரு டீச்சர்" என்றார். ஏறி மிதித்துப் போய்விட்டார்.

இவ்வாறு அக்காவுக்கு உள்ளே ஓர் அடைப்பும் வெளியே ஓர் அடைப்பும் அமைந்தன. உண்ணாதிருந்தால் நோன்பு, அந்த நோன்பே அவரை அந்த வீட்டில் நிறுத்தி வைத்திருந்தது. வலி என்று சொன்னால் மருத்துவர். மருத்துவர் என்றால் தழும்பு. தழும்பு என்றால் மாமன் மகள். எப்பக்கம் நகர்ந்தாலும் தோள் இடித்தது. அவரோ நகராமலே இருக்கக் கற்றுக்கொண்டார்.

ஒருமுறை விருந்துக்காக ஆட்டுக்குடல் வாங்கி வந்திருந்தார்கள். அதைத் தூய்மை செய்வது அவர் பொறுப்பு. வெந்நீரில் இட்டு, விரல்களை மடிப்புகளினூடே ஓட்டி, ஒவ்வொரு சுருளாய்ப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் கண்டு சிரித்தார்.

"பாரு டீச்சர், எப்பிடி வழுக்கிக்கினு போவுது. ஒண்ண ஒண்ணு தொடுது, ஆனா புடிச்சிக்கல." சற்று நேரம் அந்தச் சுருளை உள்ளங்கையில் வைத்து அசைத்துப் பார்த்தார். "ஆட்டுக்குக் குடுத்து வெச்சிக்கீது."

அவர் தம் உடம்பைக் குறித்துச் சொன்ன குறைச்சொல் என்று எனக்கு நினைவிலிருப்பது அது ஒன்றுதான்.

பெரியபாளையத்து அம்மன் கோயிலில் ஆடி மாதத்து ஞாயிறுகளில் வேண்டுதல் உள்ளோர் வேப்பஞ்சேலை கட்டுவார்கள். குளித்த உடம்பில் ஒரு சிறு துணி. அதன்மேல் இடுப்பைச் சுற்றியும் மார்பைச் சுற்றியும் கொத்துக்கொத்தாய்க் கோத்த வேப்பிலை. அதை அணிந்து கோயிலை வலம் வருவார்கள். மூத்த பெண்கள் சுற்றி நின்று கட்டிவிடுவார்கள். பிள்ளை பிறக்க மருமகளை வேப்பஞ்சேலை கட்டி வலம் வரச் செய்வதாக மாமியார் நெடுநாள் முன்பே நேர்ந்துகொண்டிருந்தார். இலை எவ்வளவு அடர்ந்திருந்தாலும் வயிறு முழுவதும் மறையாது. ஆகவே ஆடி பிறந்தாலே அக்காவுக்கு ஏதாவது ஒன்று வந்துவிடும். ஓர் ஆண்டு வீட்டுக்குத் தூரம் என்றார். ஓர் ஆண்டு உறவில் இறப்பு நேர்ந்து தீட்டாயிற்று. ஓர் ஆண்டு கணவருக்கே அம்மை போட்டது. அந்த ஆண்டு மட்டும் அவர், கணவரின் கட்டிலருகே வேப்பிலையால் விசிறிக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக இருந்ததை நான் அறிவேன்.

அடுத்த ஆடியில் மாமியார் விடவில்லை. "இந்தத் தபா ஆத்தா கடன ஒழிச்சிட்டுத்தான் மறு பேச்சு" என்றார். மறு பேச்சு எது என்பது அவ்வீட்டில் அனைவருக்கும் தெரியும்.

வண்டி கட்டிக்கொண்டு சனிக்கிழமையே போய் ஆரணியாற்று மணலில் இறங்கினோம். அக்கா கேட்டுக்கொண்டதால் நானும் சென்றேன். ஊத்துக்கோட்டையிலிருந்து மாமியாரின் தம்பியான அந்த மாமனும் வந்திருந்தார். தோளில் ஒரு பலாப்பழம், பின்னால் அவர் மகள். கள்ளமறியாத பெண். எண்ணெய் தடவிய விரல்களால் சுளைகளை எடுத்து, முதல் சுளையை அக்காவிடம்தான் நீட்டினாள்.

"துன்னுக்கா. தேனு மாதிரி கீது."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கையிலிருந்து வருவதை மறுத்தால் அதற்கு வேறு பொருள் கொள்வார்கள். அக்கா வாங்கி உண்டார். இன்னொன்று தந்தாள், அதையும் உண்டார். நாரும் சக்கையுமான அந்தப் பழத்தை அவர் மென்ற மெதுவைக் கண்டு, "எங்க அக்கா மருமவ குயில் மாரி துன்னுது" என்று தம்பி கேலி செய்தார்.

விடிந்தபோது அக்காவின் முகம் நிறம் மாறியிருந்தது. "அத்த, ஒருபொழுது" என்றார். மாமியார் மகிழ்ந்தார். வெறும் வயிற்றோடு வேண்டுதல் செய்வது இன்னும் மேல் அல்லவா?

ஆற்றில் குளிப்பாட்டி, மறைப்புக்குள் நிறுத்தி, பெண்கள் இலை கட்டத் தொடங்கினார்கள். வெளியே பம்பை முழங்கிக்கொண்டிருந்தது. நான் உள்ளே நுழைந்தபோது அவர் வயிறு உப்பி மேளத்தோல் போல விறைத்திருந்தது. இடுப்புக் கொத்தை இறுக்கியவர் கையெடுக்கும் முன்பே அக்கா மடங்கி மணலில் விழுந்தார். உருண்டார். வாயிலிருந்து பச்சை நீர் பீறிட்டது. இலைகள் விலகின.

"ஆத்தா வந்துட்டா! பச்சையம்மா வந்துட்டா!" என்று அந்தப் பச்சை நீரைக் கண்டு ஒருத்தி கூவினாள். குலவை எழுந்தது. மறைப்பை விலக்கிப் பம்பைக்காரர்கள் நெருங்கினார்கள். மஞ்சள் நீரைக் குடம் குடமாகத் தலையில் ஊற்றினார்கள். ஒருவர் செம்பை வாயில் சரிக்க முயன்றார். நோவில் முறுக்கிக்கொண்ட ஓர் உடம்பைச் சுற்றி அத்தனை பேர் கைகூப்பி நின்றார்கள். உருண்டால் ஆட்டம் என்றார்கள். முனகினால் அருள் என்றார்கள். அவர் உதவி கேட்கும் எந்த வழியும் அவர்கள் கண்ணில் வழிபாடாகவே பட்டது.

நான் கூட்டத்தைப் பிளந்து மாமியாரிடம் சென்றேன். "அம்மா, இது ஆட்டம் இல்லை..." என்று தொடங்கினேன். மணலில் கிடந்த அக்காவின் கை என் கணுக்காலைப் பற்றியது. எலும்பு நோகும் பிடி. குனிந்து பார்த்தேன். கண்கள் தெளிவாக இருந்தன. வேண்டா என்று அவை சொல்லின.

மாமியார் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு மண்டியிட்டார். ஊர் வழக்கப்படி கேட்டார்: "தாயே, யாரு நீ? இன்னா கொற வெச்சோம்? வாயத் தொறந்து சொல்லு."

அவ்வாறு அவரிடம் எவரும் அதற்குமுன் கேட்டதில்லை.

அக்கா கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். குரல் உரக்க வரவில்லை. கரகரத்து, அறுபட்டு வந்தது.

"ஏய். வண்டியக் கட்டு."

பம்பை நின்றது. "எந்த வண்டி தாயே? தேரா?" என்று யாரோ கேட்டார்.

"உன் மாட்டு வண்டிடா. இது கத்தி பட்ட வயிறு. உள்ள குடலு ஒட்டிக்கினு அடைச்சிக்கினு கீது. கத்தி வெச்சாங்களே, அந்த ஆஸ்பத்திரிக்கே இட்டுனு போ. எலையும் வாணாம், தண்ணியும் வாணாம்."

மாமியாரின் பார்வை இலை விலகிய இடத்துக்குச் சென்றது. ஈரத்தில் பளபளத்த பூரான் தழும்பை அவர் கண்டார்.

"எப்போ தாயே, கத்தி பட்டுது?"

"உன் ஊட்டுக்கு வர்றதுக்கு முன்ன."

கணவர் கூட்டத்தின் விளிம்பில் தலைகுனிந்து நின்றார். மாமனும் மகளும் கைகூப்பி முன்வரிசையில் இருந்தார்கள். மாமியார் அத்தனை ஆண்டுகளாக ஒரு கேள்வியைச் சேர்த்துவைத்திருந்தார். அதை இப்போது கேட்காவிட்டால் இனி யாரிடம் கேட்பது?

"என் ஊட்டுக்குப் புள்ள எப்போ தாயே?"

"மொதல்ல வண்டியக் கட்டுடீ!"

அந்த 'டீ' ஓங்கி அறைந்தது போல விழுந்தது. மாமியார் எழுந்து, "கட்டுங்கடா!" என்று வயல் கடக்கும் குரலில் கத்தினார்.

நான் பலகாலம் எண்ணிப் பார்த்த கணம் அது. அந்த நேரத்தில் அவர் எதைக் கேட்டிருந்தாலும் நடந்திருக்கும். "என் மருமகளுக்குச் சக்களத்தி கொண்டுவராதே" என்று ஒரு வார்த்தை. மாமன் அங்கேயே மண்ணில் விழுந்து கும்பிட்டிருப்பார். அக்கா கேட்கவில்லை. தமக்கு வழங்கப்பட்ட அந்தப் பெருங்குரலில் ஒரு வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தொடாமல் வைத்துவிட்டார். அது தெய்வமா அவரா என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: அவ்வளவு குறைவாகக் கேட்டது அவராகத்தான் இருக்க வேண்டும்.

வண்டி அவரைச் சாலைவரை கொண்டுசென்றது. அங்கே கணவர் நடுச்சாலையில் நின்று, ஆற்றுமணல் ஏற்றி நகரத்துக்குச் சென்ற லாரியை மறித்தார். அன்று பிற்பகலே வயிற்றைத் திறந்தார்கள். நூலளவு தடித்த ஒரு நார், ஒட்டிய இடத்திலிருந்து வளர்ந்து, குடலின் ஒரு மடிப்பைச் சுருக்குப் போல இறுக்கியிருந்ததாம். கறுத்துப்போன மடிப்பைச் சுடுநீரில் தோய்த்த துணியால் பொதிந்து வைத்துக் காத்திருந்தார்களாம். மெல்ல நிறம் திரும்பியதாம். சிறிது தாமதித்திருந்தால் திரும்பியிராது என்றார் மருத்துவர்.

"ஒட்டினதை எல்லாம் பிரிச்சு விட்டுட்டோம்மா" என்று அவர் மாமியாரிடம் சொன்னார். "ஆனா ஒண்ணு. வயித்தைத் திறக்கிறதே மறுபடியும் ஒட்டுறதுக்கு ஒரு காரணம். திரும்பவும் வரலாம், வராமலும் போகலாம். கருக்குழாயும் பழைய சீழ்ல ஒட்டிப் போயிருக்கு. குழந்தைக்கு வழி இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

மாமியார் நடைவழிப் பலகையில் போய் அமர்ந்தார். கணவர் அருகில் வந்து நின்றார். "நீ போடா" என்று மகனை அனுப்பிவிட்டார்.

அக்காவுக்கு மூக்கில் குழாய் செருகியிருந்தது. வயிற்றுக் காற்று கீழே பிரியும்வரை ஒரு துளி நீரும் கூடாது என்பது கட்டளை. மாமியார் கட்டிலருகே தரையில் இடம் பிடித்துக்கொண்டார். காவலை அவராகவே ஏற்றார். பார்க்க வந்த பால்காரப் பெண்மணி கோயில் தீர்த்தத்தை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தபோது, "குடலு தொறக்காம ஆத்தாளுக்கே அனுமதி இல்ல, போம்மே" என்று திருப்பிவிட்டார். ஊராரிடம், "அம்மா வந்து சொன்னா, நாங்க கேட்டோம்" என்று மட்டும் சொன்னார். மருமகளிடம் அவர் பேசியதை நான் கேட்கவில்லை. இருவருக்கும் நடுவே அந்தக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் அங்கிருந்த ஒரு முற்பகலில் ஊத்துக்கோட்டைத் தம்பி வந்தார். கூடவே மகள், அவள் கையில் அடுக்குப் பாத்திரம். புதுத் தாவணி உடுத்தியிருந்தாள். மாமியார் எழுந்து போய் வாயிற்படியை மறித்து நின்றார்.

"டாக்டரு இன்னா சொன்னாராம்க்கா?" என்று தம்பி குரலைத் தாழ்த்தினார். "புள்ளைக்கு வழியில்லன்னு சொல்றாங்களே, மெய்தானா? அப்போ நம்ம பேச்சு..."

"என் மருமவளுக்கு இன்னும் காத்துப் போவல" என்றார் மாமியார்.

"அதுக்கில்லக்கா..."

"உள்ள யாரும் வரக்கூடாது. சோறு வாசன கூட ஆவாது அதுக்கு. பொண்ண இட்டுனு போ."

"சரி. எப்போ வரட்டும்?"

"நானே சொல்லி அனுப்பறேன்."

தம்பி அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மகளை அழைத்துக்கொண்டு படியிறங்கினார். நான் மாற்றலாகி அவ்வூரைவிட்டுப் போகும்வரை அவருக்குச் செய்தி எதுவும் அனுப்பப்படவில்லை என்பதை மட்டும் அறிவேன்.

மாமியார் திரும்பி வந்து தரையில் அமர்ந்தார். அக்கா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். குழாயினூடே மூச்சு இழைந்தது.

"அத்த" என்றார்.

"பேசாத. தையலு வலிக்கும்."

"நானே வாயத் தொறந்து சொல்லியிருந்தா, வண்டி கட்டியிருப்பியா?"

மாமியார் கிண்ணத்து நீரில் பஞ்சைத் தோய்த்தார். சொட்டாதபடி பிழிந்தார். வெடித்துக் காய்ந்திருந்த அந்த உதடுகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல ஒற்றினார்.

"மாட்டேன்" என்றார்.

பஞ்சை மீண்டும் நனைத்தார்.